போதகரின் மகள்

நியூ இங்கிலாந்தின் ஆரம்பகாலச் சரித்திரத்தைப் பெரும்பாலும் போதகர்களே எழுதினர். அவர்களின் பிரசங்கங்களும் நாட்குறிப்புகளும் நூலகங்களை நிறைக்கின்றன. அவர்தம் வீடுகளில் நூல் நூற்றும் தம்பி தங்கையரைத் தாலாட்டியும் வளர்ந்த பெண்மக்களின் மனத்தைச் சொல்லும் ஏடுகளோ மிகச் சில. அத்தகைய ஒருத்தியின் கதையை நாம் நெடுநாளாக எண்ணி வருகின்றோம்.

யூனிஸ் வில்லியம்ஸ், மாசச்சூசெற்ஸ் எல்லைக் கிராமமாகிய டீர்பீல்டின் போதகர் ஜோன் வில்லியம்ஸின் மகள், 1696இற் பிறந்தவள். பியூரிட்டன் இல்லம் ஒரு சிறு தேவாலயம். தந்தையே அதன் தலைவர். காலையும் மாலையும் குடும்ப வழிபாடு. ஞானோபதேச வினாவிடை மனனம். ஓய்வுநாளில் நீண்ட பிரசங்கங்கள். குழந்தை பாவத்துடன் பிறக்கின்றது என்பது அவர்தம் கோட்பாடு. ஆதலின் கீழ்ப்படிதலே குழந்தையின் முதற் கடமை. இரட்சிப்பைப் போதித்த அவ்வீட்டில் பார்த்தேனா, பிராங்க் என்னும் கறுப்பு அடிமைகள் இருவர் உழைத்தனர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

1704 பெப்ரவரி 29ஆந் திகதி, விடியுமுன், பிரெஞ்சுக்காரரும் அவர்களோடு சேர்ந்த பூர்வகுடியினரும் கிராமத்தைத் தாக்கினர். யூனிஸின் சகோதரன் ஒருவனும் கைக்குழந்தையும் பார்த்தேனாவும் கொல்லப்பட்டனர். 112 பேர் சிறைப்பட்டுப் பனியினூடே கனடாவுக்கு நடந்தனர். பிரசவித்துச் சில வாரங்களே ஆன தாயும், பிராங்கும் வழியிற் கொல்லப்பட்டனர். ஏழு வயது யூனிஸையோ வழி முழுதும் சுமந்து, பரிவோடு பராமரித்தனர் என்று தந்தையே எழுதியுள்ளார்.

மொன்றியலுக்கு அண்மையிலுள்ள கானவாக்கேயில் மோகாக் மக்கள் அவளைத் தம்முள் ஒருத்தியாக ஏற்றனர். அங்கே குலம் தாய்வழி வந்தது. சிறையிருந்த தந்தை அவளைக் கண்டபோது, வினாவிடையை மறவாதே என்று புத்தி கூறினார். அப்போது அவள் வீடு திரும்பவே ஏங்கினாள். 1706இல் தந்தை விடுதலையானார். அவளை அவர்கள் விடவில்லை. ஆண்டுகள் கழிந்தன. ஆங்கிலம் மறந்தது. அரோசன் என்னும் மோகாக் இளைஞனை மணந்தாள். 1713இல் அல்பனியைச் சேர்ந்த ஜோன் ஸ்கைலர் சென்று நெடுநேரம் மன்றாடினார். மௌனமாயிருந்தவள், ஈற்றில் மோகாக் மொழியில் இரண்டே சொற்களில் மறுத்தாள். தந்தை மறுமணம் செய்யாதிருந்தால் அவரைப் பார்க்க எப்போதோ சென்றிருப்பாள் என்பதும் தெரியவந்தது.

இதனை நாம் வகுப்பிற் சொன்னபோது மாணவி ஒருத்தி, "அவளுக்குத் தகப்பனிடம் அன்பே இல்லையா?" என்று கேட்டாள். "அன்பில்லாதவள் அவரது மறுமணத்தை எண்ணி நோவாளா?" என்று நாம் திருப்பிக் கேட்டோம். வகுப்பு மௌனமாயிற்று.

1729இல் தந்தை மகளை மீட்காமலே மறைந்தார். 1740இல் அவள் கணவனுடன் வந்து, மொழிபெயர்ப்பாளர் துணையோடு, போதகராகிவிட்ட தன் சகோதரன் ஸ்டீபனுடன் பேசினாள். பின்னரும் சில முறை வந்தாள். ஒவ்வொரு முறையும் கானவாக்கேக்கே திரும்பினாள். 1785இல், 89ஆம் வயதில், அங்கேயே மறைந்தாள்.

அவளைக் கவர்ந்து சென்றது கொடுமை. அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆயின், அவளை "இழந்த மகள்" என்று மட்டும் எழுதி வைப்பதும் நியாயமாகாது. தந்தையின் வீட்டில் வினாவும் விடையும் முன்னரே எழுதப்பட்டிருந்தன. எவரும் கற்பிக்காத விடை ஒன்றை அவள் பதினாறு வயதிற் கூறினாள். வினாவிடைகளை மனனஞ் செய்வித்துப் பரீட்சைக்கு அனுப்பும் ஆசிரியர்களாகிய நாம், எம் முன்னிருக்கும் பெண்பிள்ளைகளிடம் அத்தகைய விடையைக் கேட்கும் பொறுமை உடையோமா?