பதினாறு வயதில் ஓர் அரங்கேற்றம்

ஜூலை 15, 2023

பியானோ வித்வான் ஆந்த்ரே வாட்ஸ் தமது 77ஆம் வயதில் காலமானார் என்ற செய்தியைப் படித்தபின், பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கப் பிரான்ஸ் லிஸ்ட் இயற்றிய முதலாம் பியானோ கன்செர்ட்டோவை அவர் 1963இல் வாசித்துப் பதிந்த இசைத்தட்டை எடுத்துவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவுடன் வாசிக்கவிருந்த பியானோ வித்வான் கிளென் கூல்ட் நோயுற்றதும், குழுவை நடத்திய லெனர்ட் பெர்ன்ஸ்டைன் பதினாறே வயதான இந்தப் பிள்ளையை மேடையேற்றியதையும், சபையோர் எழுந்து நின்று ஆரவாரித்ததையும் உடனிருந்த நண்பரிடம் சொன்னேன். "ஒருவருக்கு வந்த நோய் இன்னொருவருக்கு யோகமாயிற்று, ஐயா, வேறென்ன?" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். அந்த வார்த்தையை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஜூலை 16

யோகம் என்றால் அந்த ஜாதகத்தையும் சற்றுப் பார்க்கவேண்டும். அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய கறுப்பினத் தந்தைக்கும் ஹங்கேரியத் தாய்க்கும் ஜெர்மனியின் நூரெம்பெர்க் நகரில் 1946இல் பிறந்து, எட்டு வயதில் பிலடெல்பியாவுக்கு வந்து சேர்ந்த அந்தப் பிள்ளைக்குப் பியானோவில் முதற்பாடம் சொல்லித்தந்தவர் தாயாரே. நாள்தோறும் சாதகம் செய்யப் பிள்ளை சலித்துக்கொண்டபோதெல்லாம், தம் நாட்டு மேதையான லிஸ்ட் எவ்வளவு சிரத்தையுடன் அப்பியாசம் செய்தார் என்பதைக் கதைகதையாகச் சொல்லி அவனை வாத்தியத்தின் முன் அமர்த்தியிருக்கிறார். ஒன்பதாம் வயதில் பிலடெல்பியா வாத்தியக் குழுவின் சிறுவர் கச்சேரியில் ஹைடனின் கன்செர்ட்டோ ஒன்றை வாசிக்கும் தகுதி வந்ததும், 1962இல் பெற்றோர் மணமுறிவு பெற்றபின் தாயார் வேலைக்குப் போய்ச் சம்பாதித்து மகனின் படிப்பைக் குலையாமல் காத்ததும், நியூயார்க் சபையோர் அறியாத பூர்வகதை.

கறுப்பின மக்கள் வாஷிங்டனில் உரிமைப் பேரணி நடத்தியதும் அதே 1963இல்தான் என்பதை நினைத்தால், அந்தப் பிள்ளை ஏறிய மேடையின் உயரம் இன்னும் தெளிவாக விளங்குகிறது.

ஜூலை 18

இன்று அந்தக் கன்செர்ட்டோவை மட்டும் நிதானமாகக் கேட்டேன். ஏறக்குறைய இருபது நிமிஷங்களில், நான்கு பகுதிகளும் இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடிவிடும் இந்தப் படைப்பில், தந்தி வாத்தியங்கள் கம்பீரமாக முதல் வாசகத்தை முழங்கி முடித்த கணமே பியானோக்காரர் இரு கைகளாலும் எட்டுச்சுர இடைவெளிகளில் தாவிப் பாயவேண்டுமாதலால், விரல்களைப் பதப்படுத்திக்கொள்ள அவகாசமே கிடையாது. ஆனால் வேகமும் ஆவேசமும் இளமைக்கு இயல்பு. என்னை வியக்கவைத்தது, தந்திகள் அடங்கியபின் பியானோ தனித்துப் பாடும் அந்த விளம்ப காலப் பகுதியை, கைதட்டலுக்கு அவசரப்படாமல், ஒவ்வொரு சுரத்துக்கும் அதற்குரிய மூச்சைக் கொடுத்து வாசித்திருக்கும் பக்குவமே.

லிஸ்டும் இந்தப் படைப்புக்காக அவசரப்பட்டவரல்லர். 1830களிலேயே குறித்துவைத்த கருத்துக்களைப் பலமுறை திருத்தி, 1855 பிப்ரவரியில் வைமர் நகரில் பெர்லியோஸ் குழுவை நடத்தத் தாமே பியானோவில் அமர்ந்து அரங்கேற்றினார். அதன்பின்னும் மூன்றாம் பகுதியில் முக்கோண மணி ஒலிப்பதைச் சுட்டி, வியன்னாவின் விமரிசகர் ஹான்ஸ்லிக் பரிகாசம் செய்யத் தவறவில்லை.

ஜூலை 20

ஜனவரி 31க்கு முன்பாகவே, அதே மாதம் 12ஆம் தேதி, பெர்ன்ஸ்டைன் நடத்திய இளைஞர் கச்சேரியில் வாட்ஸ் இதே கன்செர்ட்டோவை வாசித்துவிட்டார். 15ஆம் தேதி அது தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பாயிற்று. ஆகவே கூல்டின் இடம் காலியானபோது, பெர்ன்ஸ்டைன் தாம் கேட்டறிந்த விரல்களையே அழைத்தார். அவரும் 1943 நவம்பர் 14ஆம் தேதி, அன்று நடத்தவிருந்த புரூனோ வால்டர் நோயுற்றதால் திடீரென்று இதே குழுவை நடத்த நேர்ந்து, ஒரே நாளில் பிரசித்தி பெற்றவர்தாமே! தமக்குத் திறந்த கதவைப் பிறருக்கும் திறந்துவிட அவர் மறக்கவில்லை என்பதில்தான் மெய்யான யோகம் இருக்கிறது.

ஜூலை 22

இத்தனை புகழ் வந்தபின் அந்த இளைஞர் செய்தது என்ன? கச்சேரிகளை அளவோடு ஒப்புக்கொண்டு, பால்டிமோரிலுள்ள பீபடி இசைக் கல்லூரியில் லியன் பிளைஷரிடம் மாணவராகச் சேர்ந்தார். பிளைஷரும் 1944இல் பதினாறாம் வயதில் இதே நியூயார்க் குழுவுடன் வாசித்துப் பேரெடுத்தவர். பின்னர் 1960களின் நடுவில் வலக்கை விரல்கள் தாமாக மடங்கிக்கொள்ளும் நோய் கண்டதால், மேடையின் கீர்த்தி எவ்வளவு சீக்கிரம் கைநழுவும் என்பதையும் அனுபவித்தறிந்தவர். அவர் ஷ்னாபெலின் சீடர்; ஷ்னாபெல் லெஷெடிட்ஸ்கியின் சீடர்; லெஷெடிட்ஸ்கி செர்னியின் சீடர்; அந்தச் செர்னியிடம்தான் சிறுவயதில் லிஸ்டும் பாடம் கேட்டார். தாயார் கதையில் சொன்ன மேதையின் குருகுலத்துக்கே பிள்ளை வந்து சேர்ந்துவிட்டான்!

அங்கே அவர் பட்டம் பெற்றது 1972இல், அதாவது உலகம் தம்மை வித்வான் என்று ஒப்புக்கொண்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து. தம் குழந்தையை மேடையேற்றத் துடிக்கும் பெற்றோருக்கு ஜனவரி 31ஆம் தேதியின் கதையை யாரும் சொல்லிவிடலாம். அதன் பின்வந்த இந்த ஒன்பது ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பாதிக் கதையே.