கரி பூசியது யார்?

திருவொற்றியூர்வாசியான எனக்கு, அம்மா வைத்த பப்பாளியின் இலைகள் கறுத்ததும், "ஆலைப் புகைதான்!" என்று தீர்ப்புச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இலையைத் திருப்பினேன், திடுக்கிட்டேன். அடியெல்லாம் வெள்ளை வெளேரென்று மாவுப்பூச்சி! அது சாற்றை உறிஞ்சித் தித்திப்பாகக் கழிக்கிறது. அந்தப் பிசுக்கில் கரும்பூஞ்சை படர்கிறது. தித்திப்புக்காக எறும்புகளின் காவல் வேறு!

மெக்ஸிகோவைச் சேர்ந்த இந்தப் பூச்சி 2008-ல் கோவையில் தென்பட்டது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பொடிக் குளவிகளைத் தருவித்தார்கள். மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிட்டு அதை ஒழிப்பவை அவை. மருந்தடித்தால் அந்தத் துணைவரும் சாவார்களே! ஆகவே, வாசகர்களே, தண்ணீரைப் பீய்ச்சியதோடு நிறுத்திக்கொண்டேன். மரம் துளிர்த்துவிட்டது.

ஆலைப் புகையின் மேல் எத்தனையோ பழி உண்டு. இந்த ஒன்று மட்டும் நான் சுமத்தியது!