செம்பாட்டு மண்ணும் கிணற்று நீரும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம் ஆகிய ஊர்களைக் கடந்து போவர். செம்பாட்டு மண், வேலியோரத்துப் பூவரசு, வளவுக்குள்ளே முருங்கை, வாழை, கத்தரி, பயிற்றை என்பன கண்ணுக்கு விருந்தாகும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத இக்குடாநாட்டில் இப்பசுமையைக் காப்பவை கிணறுகளே.

மாரி மழை மண்ணினூடு இறங்கி, அடியிலுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலே தங்குகின்றது. அதுவே நமது கிணற்று நீர். ஆயின் அந்நீர் இறங்கும் வழியாலேயே நாம் இடும் பசளையின் மிகுதியும் இறங்குகின்றது. பயிர் உண்டதுபோக எஞ்சிய நைதரசன் நைத்திரேற்றாகிக் கிணற்றை அடைகின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இவ்வரையறை மீறப்பட்டுள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனால் விளையும் தீங்கு, இந்நீரிற் கரைத்த புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகளுக்கே பெரிது. அவர்களின் குருதி ஒட்சிசனை ஏந்தும் ஆற்றல் குன்றும். நீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்ததும், நவம்பரில் அத்தடையை நீக்கியதும் நாம் அறிந்தவையே. மண்ணின் வளம் ஓர் ஆணையால் ஓரிரவில் வருவதன்று. பெருவயல்களுக்கு அரிதான அம்மாற்றம், நாலைந்து பாத்திகள் உள்ள வீட்டு வளவுக்கு எளிது.

அதற்கு வேண்டியவை வளவிலேயே உண்டு. வேலியிற் கழித்த பழைய பனையோலையைப் பாத்தியின் அடியிற் புதைத்து மண்ணிடுவது நம் முன்னோர் வழக்கம். அது மெல்ல உக்கி, ஈரத்தையும் பிடித்து வைக்கும். பூவரசங்குழை, சீமைக்கிளுவைக் குழை, சருகு, சாணம் ஆகியவற்றைப் படைபடையாக இட்டு, நீர் தெளித்து, இரு கிழமைக்கொரு முறை புரட்டினால், ஏறத்தாழ மூன்று மாதத்தில் நல்ல கூட்டெரு கிடைக்கும். பயிற்றையின் வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியங்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்கு ஈட்டித் தரும். ஆதலின் கத்தரிக்குப் பின் பயிற்றை நடுதல் நன்று. இடித்த வேப்பங்கொட்டையை ஓரிரவு ஊறவைத்து வடித்த நீர் பூச்சிகளை அகற்றும். கிணற்றடியிற் குளித்த நீர் வாழைக்குப் பாயட்டும்.

எருவும் அளவு மிஞ்சினால் நைத்திரேற்றையே தரும். ஆகவே எருக்குழியைக் கிணற்றுக்கு அணித்தாக அமைத்தலாகாது. மழைக்காலத்தில் அதனை ஓலையால் மூடுதலும் வேண்டும்.

ஆடியிலே நிரப்பத் தொடங்கும் குழி, ஐப்பசி மழைக்கு முன் எருவாகிவிடும். பாடசாலை விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளிடம் இவ்வேலையை ஒப்படைக்கலாம். தாம் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகின்றதென்பதை அவர்கள் அந்தக் குழியருகே நின்று கற்றுக்கொள்வர்.