கேட்ட யோசனையும் கெட்ட கணினியும்

ஐயம் நேர்ந்தபோது அறிந்தவரைக் கேட்பது உலக வழக்கம். ஆனால், அறிந்தவர் யாரென்பதை எவ்வாறு அறிவது? பங்கு அலுவலகத்துப் பழைய கணினி நமக்குக் கற்பித்த பாடம் இது.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அதற்கடுத்த பதிப்பைத் தாங்கும் வலிமை நமது கணினிக்கு இல்லை. எனவே பங்கு இளைஞர் ஒருவர் அதில் லினக்ஸ் மின்ட் என்னும் இலவச அமைப்பை நிறுவித் தந்தார். 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், உலகெங்கும் பலர் கைகொடுக்க வளர்ந்தது. ஆதலால் அதற்கு யோசனை கூறுவோர்க்கும் பஞ்சமில்லை. நன்மையும் அதுவே, ஆபத்தும் அதுவே.

ஒருநாள் இரவு, திருமுழுக்குப் பதிவுகள் அடங்கிய கோப்புறை திறக்க மறுத்தது. ‘அனுமதி இல்லை’ என்றது திரை. மகளின் திருமண ஓலைக்காகச் சான்றிதழ் பெற ஒரு தாய் மறுநாட் காலை வருவதாயிருந்தது. அவசரம் நம்மைப் பிடர்பிடித்து உந்தியது. இணையத்தில் தேடினோம். யாரோ ஒருவர், “இந்த ஒரே வரியைத் தட்டுங்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்று உறுதிபடக் கூறியிருந்தார். தட்டினோம்.

அவ்வரியில் 777 என்னும் எண் இருந்தது. படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. உரிமையாளர், குழுவினர், பிறர் ஆகிய மூவர்க்கும் முழு உரிமை என்பதே அதன் பொருள். அதை ஒரு கோப்புறைக்கு அன்றி, வட்டு முழுவதற்கும் நாம் வழங்கிவிட்டோம்! வீட்டின் ஓர் அறை திறக்கவில்லையென்று எல்லாக் கதவுகளின் பூட்டையும் உடைத்தெறிந்த கதைதான். அதன்பின் நிர்வாகி உரிமை தரும் ‘சூடோ’ என்னும் கட்டளையும் இயங்க மறுத்தது.

காலையில் வந்த இளைஞர் கணினியைத் தொடுமுன், “சுவாமி, பிழைச்செய்தியில் என்ன எழுதியிருந்தது? எந்தக் கோப்புறை? அதற்குமுன் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார். நாடி பார்த்தபின் மருந்து கொடுப்பவரே வைத்தியர் என்பது அப்போதுதான் உறைத்தது. கோப்புறை வேறொரு பயனர் பெயரில் பதிவாகியிருந்ததே நோயின் மூலம். அதன் உரிமையாளரை மட்டும் மாற்றியிருந்தால் போதும். பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடக்கிப் பதிவுகளை மீட்டார். அமைப்பை மீண்டும் நிறுவினார்.

குருமடத்தில் தருக்கம் பயின்ற காலத்தில், சாட்சியை எடைபோட இரு வினாக்களைக் கற்பித்தனர்: சொல்பவர் அறிந்தவரா? உண்மை உரைப்பவரா? முகமறியாதவரிடம் இவற்றை நாம் எங்ஙனம் கேட்பது? ஆகவே ஆளை விட்டுச் சொல்லைத்தான் சோதிக்கவேண்டும். அது எந்தப் பதிப்பிற்குச் சொன்னது? உபுண்டு 24.04 என்றால் 2024 ஏப்ரலில் வெளிவந்தது. பதிப்பெண்ணே காலத்தைக் காட்டிவிடும். பத்தாண்டுப் பழமையான யோசனை இன்றைய கணினிக்குப் பொருந்தாதிருக்கலாம். ‘இதைச் செய்’ என்பதோடு ‘ஏன்’ என்பதும் கூறப்பட்டுள்ளதா? கட்டளையின் ஒவ்வொரு சொல்லுக்கும் லினக்ஸிலேயே ‘மேன்’ என்னும் கையேடு விளக்கம் தருகிறது; அதனோடு ஒத்துப்பார்த்தோமா? பிழையானால் மீள வழி உண்டா? பதிவுகளுக்கு வேறிடத்தில் நகல் உண்டா?

அறிவும் நேர்மையும் உடையோரும் தவறுவதுண்டு. 2006-இல் டெபியன் என்னும் லினக்ஸ் அமைப்பைப் பேணுவோருள் ஒருவர், ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் பாதுகாப்பு மென்பொருளில் சில வரிகளை நீக்கலாமா என்று அறிந்தோரிடம் வினவினார். நீக்கலாம் என்ற பொருளில் மறுமொழி வந்தது; நீக்கினார். எண்ணற்ற வகைகளில் அமையவேண்டிய மறைச்சாவிகள், அதனால் ஒவ்வொரு வகைக் கணினியிலும் ஏறத்தாழ 32,768-க்குள் சுருங்கிப்போயின. 2008 மே மாதத்தில்தான் அது வெளிப்பட்டது. கேட்டவரிடமும் வஞ்சமில்லை, சொன்னவரிடமும் வஞ்சமில்லை. மறுமொழி வந்ததே போதுமென்று, அவ்வரிகளின் பணியை எவரும் முற்ற ஆராயவில்லை.

அந்தத் தாய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அலமாரியிலிருந்த பழைய கையெழுத்துப் பதிவேட்டைப் புரட்டி, நம் கைப்படவே சான்றிதழ் எழுதித் தந்தோம். கணினி வந்துவிட்டதே, இனி அந்தப் பதிவேடு எதற்கு என்று முன்னொரு நாள் நமக்கு யோசனை கூறியவரும் உண்டு! நல்லவேளையாக அதை நாம் கேட்கவில்லை.

உறுதியான குரல் உண்மையின் அடையாளமன்று. அன்பர்களே, நாமும் பிறர்க்கு யோசனை கூற வாய்திறக்குமுன், அவருடைய நிலையைப் பற்றி ஒரு கேள்வியேனும் கேட்டறிவோம்.