உடன்குடியில் ஒரு கோடைச் சமையல்

சித்திரை வெயிலில் திருச்செந்தூர் போகிறவர்கள் முருகனைத் தரிசித்து, கடலில் கால் நனைத்து, அடுத்த ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். உடன்குடிக்குப் பஸ் ஏறுங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பனை. சற்றே உள்ளே போனால் தேரிச் செம்மணல். ‘இங்கே சமைக்க என்ன கிடைக்கும்?’ என்று பை நிறைய பீன்ஸும் காரட்டும் சுமந்து போயிருந்தேன். பட்டணத்துப் புத்தி!

மதினி பையைப் பார்த்துச் சிரித்தார். “இதைத் தின்னவா இம்புட்டுத் தூரம் வந்தே?”

காலையில் பதநீர் வந்தது. கலயத்தினுள் சுண்ணாம்பு தடவுவதால்தான் அது கள்ளாகாமல் இருக்கிறது. மதினி அதை வடிகட்டி உலை வைத்து, நுரையை எடுத்தார். வறுத்த பாசிப்பருப்பும் பச்சரிசியும் விழுந்தன. இனிப்பில் அரிசி வேகச் சுணங்கும். முன்பே அரை மணி ஊறவைத்துவிடுங்கள். தண்ணீரும் வேண்டாம், வெல்லமும் வேண்டாம். கிளறும் கையை மட்டும் நிறுத்தக்கூடாது. இறக்கும்போது சுக்குப்பொடியும் தேங்காய்த் துருவலும். அடடா, அந்த வாசனை!

மத்தியானம் கொல்லை முருங்கைக்காயும் மாங்காயும் போட்ட குழம்பு, வீட்டுப் பசுவின் மோர், பிறகு நுங்கு.

பதநீர் கொண்டுவந்த பெரியவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அதே மரங்களைக் காலையும் மாலையும் ஏறி இறங்குகிறார். 1978-இல் பனை நம் மாநில மரமாயிற்று. அவருடைய பிள்ளைகளோ வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்கள். “அவுக ஏறுறவரைதான் இந்தப் பொங்கல்” என்றார் மதினி, முதல் கிண்ணத்தை அவருக்கு எடுத்து வைத்தபடி.

என் பீன்ஸை மதினி வீட்டு ஆடு ருசித்துச் சாப்பிட்டது.