ஷாங்காய் அடி

நான் பார்த்த பெண்கள் தற்காப்பு வகுப்புகள் எல்லாவற்றிலும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற அடி ஒன்று உண்டு. மணிக்கட்டைப் பின்னுக்கு வளைத்து, விரல்களை விரித்து, உள்ளங்கையின் அடிமேட்டால் எதிராளியின் தாடையைக் கீழிருந்து மேலாக இடிக்க வேண்டும். முஷ்டியை மடக்கித் தலையில் குத்தினால் குத்தியவரின் கை எலும்பே உடையக்கூடும். இதில் அந்தப் பயம் இல்லை.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்த்தேன். கராத்தே மாஸ்டர் கராத்தே என்றார். க்ராவ் மகா சொல்லிக்கொடுப்பவர் இஸ்ரேல் ராணுவத்தைக் கைகாட்டினார். சிலம்பக்காரர் ஒருவர் காஞ்சிபுரத்து போதிதர்மர் வரைக்கும் போய்விட்டார். ('ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு இந்தப் பதிலுக்குப் பஞ்சமே இல்லை.)

க்ராவ் மகாவில் ஓரளவு வரலாறு கிடைக்கிறது. அதை உருவாக்கிய இம்மி லிக்டன்ஃபெல்ட் பிராட்டிஸ்லாவாவில் வளர்ந்த பாக்ஸர், மல்யுத்த வீரர். 1930-களில் யூதர்களைத் தாக்க வந்த கும்பல்களோடு தெருவில் மோதியபோது, மேடையில் பலித்த வித்தைகள் பல காலை வாரின. பிழைத்தவற்றை வைத்து அவர் கட்டிய முறைதான் 1948-க்குப் பிறகு இஸ்ரேல் ராணுவத்தின் பயிற்சியானது. ஆனால் நான் தேடிய அடி அதற்கு முன்பே அச்சில் இருக்கிறது. 1942-இல் லண்டனில் வெளிவந்த 'ஆல்-இன் ஃபைட்டிங்' புத்தகத்தின் தொடக்கமே அடிகள்தான்: கையின் ஓரத்தால் வெட்டு, தாடை இடி, பூட்ஸ் உதை, முழங்கால். எழுதியவர் வில்லியம் ஃபேர்பேர்ன். அவரைப் பின்தொடர்ந்தால் ஷாங்காய் வந்துவிடுகிறது.

பிரிட்டிஷ் கடற்படைச் சிப்பாயாக இருந்த ஃபேர்பேர்ன் 1907-இல் ஷாங்காய் நகராட்சிப் போலீஸில் சேர்ந்தார். ஒரு கும்பல் அவரை அடித்துப் போட்டதாகவும், ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது ஒகாடா என்ற ஜுஜுட்சு ஆசிரியரின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டதாகவும் ஒரு கதை உண்டு. சினிமாவுக்குத் தோதான கதை. ஒகாடாவிடம் அவர் படித்தது உண்மை. சீனக் குத்துச்சண்டையும் கற்றார். டோக்கியோவின் கோடோகன் ஜூடோவில் இரண்டாம் நிலை கறுப்பு பெல்ட் வரை போனார். அறுநூறுக்கு மேல் கைகலப்புகள் என்று அவர் கணக்கில் ஏற்றிச் சொல்வார்கள். யார் எண்ணினார்களோ!

ஆஸ்பத்திரிக் கட்டிலைவிட அந்தப் போலீஸ் படைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதில் ஆங்கிலேயர், சீனர், சீக்கியர் எல்லாரும் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு உடல்வாகு, ஒவ்வொரு மொழி. வருடக்கணக்கில் ஜூடோ படிக்க யாருக்கும் நேரமில்லை. தெருவிலோ கத்தியும் துப்பாக்கியுமாகத் திரியும் கும்பல்கள். இவர்களுக்காக அவர் தொகுத்த முறைக்கு 'டிஃபெண்டு' என்று பெயரிட்டு, 1920-களின் நடுவில் புத்தகமாகவும் போட்டார். ஆனால் அந்தப் படை அந்நியர் ஆண்ட குடியேற்றப் பகுதியின் போலீஸ். 1925 மே 30-இல் நான்கிங் சாலையில் சீன ஆர்ப்பாட்டக்காரர்களைச் சுட்டதும் இதே போலீஸ்தான். அதன் பிறகு உருவான கலவரத் தடுப்புப் படை ஃபேர்பேர்ன் கையில் வந்தது. தற்காப்பு என்கிறோமே, யாரிடமிருந்து யாரைக் காக்க என்ற கேள்வி இதன் வேரிலேயே இருக்கிறது.

அவருடைய புத்தகங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது தேடலே திசை மாறியது. போலீஸுக்கு எழுதியதில் பிடியை விடுவிப்பதும், ஆளை முறுக்கிப் பிடித்து நடத்திக்கொண்டு போவதும் ஏராளம். கைதி உயிரோடு ஸ்டேஷனுக்கு வர வேண்டுமே. 1940-இல் பிரிட்டன் திரும்பி கமாண்டோக்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது வரிசை தலைகீழானது. அடிகள் முன்னுக்கு வந்தன. நியாயச் சண்டை என்ற பேச்சே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து விலாவில் துப்பாக்கியை வைத்திருப்பவனைத் தீப்பெட்டியால் சமாளிப்பது அதில் ஒரு பாடம். பெட்டியின் மேல்முனை விரல்களுக்குச் சற்றே உள்ளடங்கி இருக்கும்படி இறுக்கிப் பிடித்து, மற்றக் கையால் துப்பாக்கியை விலக்கிக்கொண்டே தாடையில் குத்த வேண்டும். படிக்க வேடிக்கைதான், ஆனால் மூடிய கை நொறுங்காமல் இருக்க உள்ளே ஏதாவது வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

அதே 1942-இல் பெண்களுக்கென்றும் ஒரு புத்தகம் எழுதினார். அதில் கொல்வது பற்றிப் பேச்சில்லை. குடையை வைத்து என்ன செய்யலாம், சினிமாத் தியேட்டரில் பக்கத்து இருக்கைக்காரன் கை வைத்தால் அந்தக் கையை எப்படி மடக்கலாம் என்றெல்லாம் படம் போட்டு விளக்குகிறார்.

ஆக, ஆசிரியர் ஒருவர்தான், கற்ற கலைகளும் அவையேதான். வெளியே வந்தவை மூன்று கலவைகள். எந்தெந்தக் கலையைச் சேர்த்தார் என்ற பட்டியலால் இதை விளக்க முடியாது. போலீஸ்காரன் பிடிக்க வேண்டும், கமாண்டோ முடிக்க வேண்டும், அந்தப் பெண் வீடு போய்ச் சேர வேண்டும். சேர்ப்பதையும் தள்ளுவதையும் அதுதான் தீர்மானித்திருக்கிறது. பிராட்டிஸ்லாவாவில் லிக்டன்ஃபெல்டுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். அதனால் இரண்டு முறைகளுக்கும் நடுவே குரு-சிஷ்ய உறவு தேடும் ஆசையை விட்டுவிட்டேன்.

பிறருக்குக் கொஞ்சம் அடிகள் போதும் என்ற ஃபேர்பேர்ன், தான் மட்டும் ஜூடோவை முறையாகப் படித்துப் படிப்படியாக பெல்ட் வாங்கினார். இன்று வார இறுதி வகுப்பு நடத்துகிறவர்களில் பலர் கற்றதே கலவையைத்தான். எதை, ஏன் தள்ளினார்கள் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ராணுவத்தின் பெயரைத்தான் சொல்வார்கள்.