பொய் சொல்லும் கெர்னல்

பி.காம். படிக்கிற எல்லோரும் ஒரு நாளாவது கும்பிட்டிருக்கும் சாமி, அனாமத்துக் கணக்கு. இருப்பாய்வு போட்டால் 450 ரூபாய் இடிக்கும். தப்பு எங்கே என்று தெரியாது. மணி வேறு ஆகியிருக்கும். வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்தில் போட்டால் இரண்டு பக்கமும் சமம். ஆனால் தப்பு எங்கேயும் போகவில்லை. பேரேட்டில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது :-)

இதே சமாசாரம் கம்ப்யூட்டரின் அடிவயிற்றிலும் நடக்கிறது.

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். மெமரி, டிஸ்க், நெட்வொர்க் எல்லாவற்றையும் அதுதான் கட்டி மேய்க்கிறது. பிரவுசர், விளையாட்டு, பில் போடும் சாஃப்ட்வேர் எல்லாம் அதற்கு வெளியே, யூசர்ஸ்பேஸ் என்கிற இடத்தில் ஓடுகின்றன. எது வேண்டுமானாலும் கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். ஒரு புரோகிராம் தப்பாகக் கேட்டால்? முடியாது என்று திருப்பி அனுப்பலாம். அல்லது அந்தத் தப்புக்கு ஏற்றபடி வளைந்து கொடுக்கலாம். இந்த வளைந்து கொடுப்பதுதான் கெர்னலின் அனாமத்துக் கணக்கு.

இதில் பிரபலமான கதை ஜோயல் ஸ்போல்ஸ்கி எழுதியது. சிம்சிட்டி விளையாட்டு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த மெமரியையே மறுபடி எட்டிப் பார்க்கும். டாஸில் எப்படியோ தப்பித்துக்கொண்டிருந்தது. விண்டோஸ் 95ல் மாட்டியிருக்கும். மைக்ரோசாஃப்ட்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓடுவது சிம்சிட்டியா என்று பார்த்து, ஆமாம் என்றால் மெமரியை உடனே பிடுங்காமல் விட்டுவைக்கும்படி விண்டோஸையே மாற்றி எழுதினார்கள்.

லினக்ஸ் கதை இன்னும் வேடிக்கை. 2003 டிசம்பரில் 2.6 வந்தது. அதற்குப் பிறகு ஏழு வருடங்களுக்கு மேல் எல்லாப் பதிப்பும் 2.6 என்றே ஆரம்பித்தது. சில புரோகிராம்கள் அது என்றைக்கும் மாறாது என்று நம்பிவிட்டன. 2011 ஜூலையில் லைனஸ் டோர்வால்ட்ஸ் 2.6.39க்கு அடுத்ததை 3.0 என்று வெளியிட்டதும், அந்தப் புரோகிராம்கள் முழித்தன. கெர்னலில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, எண் மட்டும்தான் மாறியது. கடைசியில் கெர்னலுக்கே பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். யூநேம்26 என்று பெயர். அதைப் போட்டு ஒரு புரோகிராமை ஓட்டினால், 3.0 கெர்னல் தன்னை 2.6.40 என்று சொல்லிக்கொள்ளும்!

பொய்க்கு விலை உண்டு. பொய்ப் பதிலைத் தயாரிக்கும் அந்தச் சின்னத் துண்டு நிரலில் ஓர் ஓட்டை இருந்தது. கெர்னலின் சொந்த மெமரியில் கிடந்த விஷயங்களும் பதிலோடு சேர்ந்து வெளியே கசிந்தன. 2012ல் கண்டுபிடித்து அடைத்தார்கள். அடுத்தவன் தப்புக்குப் போட்ட ஒட்டு, தன் வீட்டுச் சுவரிலேயே ஓட்டை போட்டது.

அப்படியானால் இந்த ஒட்டுகளையெல்லாம் பிய்த்து எறிந்துவிடலாமே? சரியான கேள்விதான். ஆனால் திருவொற்றியூரில் சின்னதாக ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் முன்பு யாரோ எழுதிக் கொடுத்த பில் சாஃப்ட்வேர். எழுதியவர் இப்போது எங்கே என்றே தெரியாது. ஒரு திங்கட்கிழமை சிஸ்டத்தை அப்டேட் செய்கிறார்கள், பில் வரவில்லை. பெட்டி துறைமுகத்தில் நிற்கிறது, டெமரேஜ் ஏறுகிறது. தப்பு செய்தது சாஃப்ட்வேர் எழுதியவர். ஒட்டைப் பிய்த்தது கெர்னல்காரர். பணம் கட்டுவது இரண்டும் தெரியாத ஏஜென்ட்.

லைனஸின் பிடிவாதம் இங்கேதான் புரியும். 2012 டிசம்பரில் ஒரு கெர்னல் மாற்றத்தால் சில புரோகிராம்கள் பழுதாயின. தப்பு அந்தப் புரோகிராம்களில்தான் என்றார் கெர்னல்காரர் ஒருவர். லைனஸ் அவரைப் பிடித்து ஏறு ஏறு என்று ஏறிவிட்டார். நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால் அது கெர்னலின் தப்பு என்பதுதான் அவர் கட்சி.

தப்பு தீராமல் இடம் மட்டும் மாறுவது எப்படி என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகத்து நிலக்கரித் தூசி ராயபுரம் வீடுகளில் படிந்துகொண்டிருந்தது. 2011ல் உயர் நீதிமன்ற உத்தரவால் அங்கே நிலக்கரி இறக்குவது நின்றது. ராயபுரம் மூச்சு விட்டது, நியாயம்தான். ஆனால் நிலக்கரி போனது எண்ணூருக்கு. அனல்மின் நிலையச் சாம்பலோடு ஏற்கெனவே மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எண்ணூருக்கு! ஒரு கணக்கில் வரவு என்றால் இன்னொரு கணக்கில் பற்று. இரட்டைப் பதிவு முறை ஊருக்கும் பொருந்தும்.

அதற்காக எதையுமே எடுக்கக் கூடாது என்பதில்லை. எடுக்க முறை இருக்கிறது. லினக்ஸில் சிஸ்கால் வழியே வரும் ‘சிஸ்கன்ட்ரோல்’ என்று ஒரு பழைய வாசல் இருந்தது. அது ஒட்டுவேலை இல்லை, ஆனால் அதை மூடிய விதம் பாடம். எந்தப் புரோகிராம் அந்த வழியாக வந்தாலும், அதன் பெயரைப் போட்டு கெர்னல் தன் பதிவேட்டில் எச்சரிக்கை எழுதியது. இப்படிப் பல வருடம். வருகிறவர்கள் மாற்று வழிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, 2020ல் வந்த 5.5 பதிப்பில்தான் வாசலை அடைத்தார்கள்.

அனாமத்துக் கணக்கை மூடுவதும் இப்படித்தானே? தப்பைத் தேடிப் பிடித்து, திருத்தப் பதிவு எழுதினால் அது தானாகவே மூடிக்கொள்ளும். அழிரப்பரால் அழித்தால் இருப்பாய்வு மறுபடி இடிக்கும்.

உங்கள் ஆபீஸ் சிஸ்டத்தில் ‘இந்த வசதி சீக்கிரம் நீக்கப்படும்’ என்று ஏதாவது எச்சரிக்கை வந்தால் உடனே மூடிவிடாதீர்கள். எந்தப் புரோகிராம் பெயர் போட்டிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். டெமரேஜ் ஏறுவதற்கு முன்னால்.